சோபா மாடல் நாற்காலி

நெய்வேலி டவுன்ஷிப்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை மணிமாறன் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் பழனிசாமி எழுதுவது. இங்கே நான், என் வீட்டில் மலர்கொடி, உங்கள் வீட்டில் என் தங்கை செங்கமலம், உங்கள் மகள் சண்முகப்பிரியா எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். மஸ்கட்டில் வெயில் எப்படி? இங்கே காயப்போட்ட துணியைத் திருப்பிப் போடுவதற்குள் மறுபக்கமும் காய்ந்துவிடுகிறது. எனக்கு மைன்ஸில் எப்போதும்போல மரியாதைதான். என் பேரைச் சொன்னால் கன்வேயர் பெல்ட்டே ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ஓடும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள். போன வாரம் முழுவதும் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் ஷிஃப்ட்டில் இருப்பதாக மலர்கொடி சொன்னாளே, அதில் பாதி நேரம் நான் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். கூரியரில் போடவும் பயம். போன தீபாவளிக்கு அனுப்பிய முறுக்கு உங்களுக்கு மாவாகத்தான் வந்து சேர்ந்தது. அதனால் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிற இளவழகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரில் இருக்கிற பசை ஒட்டவே இல்லை. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டப்போகிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்மாபுரம் பக்கத்துப் பையன் பிரவின்குமார் வீட்டார் நம் பிரியாவைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். நன்றாக நடந்ததா என்று செங்கமலத்திடம் கேட்டீர்களாம், அவள் அண்ணனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டாளாம். நீங்கள் லீவு கிடைக்காமல் அங்கே இருக்க, தாய்மாமன் நான் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மாரைத் தட்டிச் சொன்னவன் நான். ஆகையால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் செங்கமலம் சொன்னாள். கேட்டேனா? டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் இருக்க, வேறு இடத்தில் வைப்பதா என்று பிடிவாதமாக என் வீட்டுக்கே வரச்சொன்னேன். பையனைப் பற்றி விசாரித்ததில் குறை ஒன்றும் இல்லை. டிப்ளமோ படித்தவன். அப்பா இல்லை. அம்மா அம்சவல்லி மாடு வைத்துப் பால் ஊற்றி வளர்த்த பிள்ளை. எங்கள் மைன்ஸில்தான் கான்ட்ராக்ட்டில் வேலை. போட்டோ பார்த்து, இரு வீட்டுக்கும் தெரிந்தே அவனும் பிரியாவும் நாலைந்து தடவை போனில் பேசியும் ஆகிவிட்டது. பிடித்திருக்கிறதா என்று மலர்கொடி கேட்டதற்கு நம் பிரியா பதில் சொல்லாமல், அத்தை அன்னிக்கி நீலப் புடவை கட்டிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் பெண் என்ன சொல்லும்?

மாப்பிள்ளை, என் வாயில் எப்போதும் இரண்டு சொல் புழங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உழைக்கிற சாமானைப் பர்மனென்ட் என்பேன். வாங்கின மறு மாதமே பல்லிளிப்பதைக் கான்ட்ராக்ட் என்பேன். ஹாலில் சுற்றுகிற பழைய ஃபேன் பர்மனென்ட். அது சுற்ற ஆரம்பித்தபோது பிறந்த பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள். போன மழைக்கு வாங்கின குடை கான்ட்ராக்ட். மழை நிற்பதற்கு முன்னால் அது மடங்கிவிட்டது. செருப்பு கான்ட்ராக்ட், டார்ச் லைட் கான்ட்ராக்ட், தண்ணீர்க் குழாய் கான்ட்ராக்ட். குழாயைச் சரிசெய்ய வந்தவன் சரிசெய்துவிட்டுப் போன சாயங்காலமே பக்கத்துக் குழாயும் ஒழுக ஆரம்பித்தது, அவனும் கான்ட்ராக்ட். சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நம் சொந்தத்தில் எந்தப் பத்திரிகை அடித்தாலும் என் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு பர்மனென்ட் என்று சேர்க்கச் சொல்வேன். அதற்கும் சிரித்தார்கள். நான் அதைச் சந்தோஷச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வருகிறார்களே, வீடு ஜம்மென்று இருக்க வேண்டாமா? அந்த வாரம் பார்த்து பண்ருட்டிக் கடை வேன் ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு எங்கள் பிளாக்கில் நுழைந்தது. பழைய இரும்பு நாற்காலி, ஓடாத மிக்சி, உடைந்த டிவி எதைக் கொடுத்தாலும் புதுசு தருகிறோம் என்றான். நம் வீட்டு ஒயர் நாற்காலிகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரும்புக் குழாயில் மலர்கொடி நீலமும் மஞ்சளுமாக ஒயர் பின்னி, முதுகில் ஒரு கிளி வைத்திருப்பாள். நீங்கள் லீவில் வந்தால் வாசலில் அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிப்பீர்கள். அது நாலையும் வேனில் ஏற்றிவிட்டேன். மலர்கொடி கிளியையாவது பிரித்துக்கொள்கிறேன் என்றாள். நாற்காலியைப் பிரித்தா கிளியை எடுப்பாய் என்று அதட்டினேன்.

பதிலுக்கு வந்தது ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. சோபா மாடல் என்றான். காப்பிக்கொட்டை நிறம், பூ விரித்த மாதிரி முதுகு, கைப்பிடியில் தங்கக் கோடு. ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர், யானை படம் போட்டு. கூடவே ஒரு மிக்சியும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஹாலில் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஏதோ பெரிய ஆபீசர் பங்களா மாதிரி இருந்தது. பழைய ஒயர் நாற்காலியை நகர்த்த ஒரு ஆள் இடுப்பைக் கொடுக்க வேண்டும். இந்த ஆறையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எதிர் வீட்டுக்காரர் என்ன பழனிசாமி இந்த வயசிலும் இந்தப் பலம் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பலம் என்னிடம் இல்லை, கனம் நாற்காலியில் இல்லை.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பையன், அவன் அம்மா, அம்மாவின் அண்ணன் மூன்று பேரும் வந்தார்கள். பையன் பார்க்க லட்சணம். வாசலில் செருப்பை விடும்போது என் செருப்பையும் சேர்த்து ஓரமாக நேர்செய்துவிட்டு உள்ளே வந்தான். அதே நேரத்தில் சமையல்கட்டில் புது மிக்சி, போண்டாவுக்குச் சட்னி அரைக்கும்போதே ஒரு நாற்றம் விட்டு நின்றுபோனது. மலர்கொடி வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டால், தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது. ஒன்றை அழுத்தினால் இந்தியில் பாட்டு. அந்தப் பாட்டு அவர்கள் கிளம்புகிற வரைக்கும் சமையல்கட்டில் பாடிக்கொண்டிருந்தது.

நான் ஹாலில் விடுவேனா? என் சர்வீஸைப் பற்றி, நான் பார்க்காத ஜெனரல் மேனேஜர் இல்லை என்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். நாற்காலிகள் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தவை என்று சொன்னேன். அந்த அம்மா அம்சவல்லி கொஞ்சம் கனத்த உடம்பு. மாடும் பாலுமாக நாள் முழுக்க நின்ற கால். நாற்காலியைப் பார்த்துவிட்டு, நான் இப்படிக் கீழயே உக்காந்துக்கிறேங்க, வூட்டுலயும் அப்படித்தான் என்று சுவரோரம் போனார். நான்தான் விடவில்லை. சம்பந்தி தரையில் உட்காருவதா என்று கையைப் பிடிக்காத குறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, யானை ஸ்டிக்கரைக் காட்டி, உட்கார வைத்தேன்.

பிறகு நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் சறுக்கியது. அந்த அம்மாவுக்குச் சின்னதாக ஒரு அசௌகரியம். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை, மலர்கொடி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே நான் எழுதுவதைப் பார்த்துவிட்டாள். சறுக்கலா, அந்த மனுஷருக்கு எழுதறதிலயுமா பொய் என்றாள். சரி, எழுதுகிறேன்.

பின்னங்கால் இரண்டும் மெதுவாக விரிந்தன. உடைந்த சத்தம்கூட முதலில் வரவில்லை. அந்த அம்மா ஏதோ நடக்கிறது என்று புரிந்து எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குள் முதுகுப் பலகை பட்டென்று இரண்டாகப் போய், அத்தனை பேர் முன்னால் மல்லாக்க விழுந்தார். புடவை முழங்காலுக்கு ஏறிவிட்டது. கையை ஊன்றியதில் மணிக்கட்டு பிசகி, கண்ணாடி வளையல் உடைந்து ரத்தம். பையன் பாய்ந்து வந்து முதலில் அம்மாவின் புடவையை இழுத்துவிட்டான், பிறகுதான் தூக்கினான். அவரோ தன் வலியைச் சொல்லவில்லை. ஐயோ, பொருளை ஒடைச்சிட்டேனே என்றார்.

நான் அப்போது என்ன செய்தேன் என்று கேளுங்கள். தூக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை. என் கண் உடைந்த நாற்காலியின் மேல் இருந்தது. சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டோமே, மானம் போகிறதே என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. எப்போதும் சொல்கிற அதே சொல்.

"அட, இது கான்ட்ராக்ட் சரக்கும்மா. பர்மனென்ட்டா இருந்தா இப்படி காலை விரிக்குமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். எப்போதும் கூடச் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். அன்றைக்கு என் சிரிப்பு மட்டும் ஹாலைச் சுற்றி வந்து என்னிடமே நின்றது. சமையல்கட்டில் அந்த இந்திப் பாட்டு.

அந்த அம்மாவின் அண்ணன் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். பையன் கோபப்படவில்லை, மாப்பிள்ளை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி எப்படியோ சமாளித்திருப்பேன். குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, யாருக்கும் காலில் குத்தாதபடி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வெயிட்டு ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க ஐயா வைக்கிறாங்க."

தட்டில் காப்பியோடு அலங்காரமாக வர வேண்டிய நம் பிரியா, ஈரத்துணியோடு ஓடிவந்தாள். நீலப் புடவைதான். தரையில் உட்கார்ந்து அந்த அம்மாவின் கையை மடியில் வைத்துக் கண்ணாடித் துண்டை எடுத்துக் கட்டுப் போட்டாள். அந்த அம்மா வலியிலும் அவள் முகத்தைப் பார்த்து, நீதானாம்மா பொண்ணு என்று கேட்டார். அவள் கண்ணீர் கட்டுத் துணி மேல் விழுந்தது. யாரும் கை நனைக்கவில்லை. போண்டா அப்படியே ஆறிக்கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாங்க என்றார் அந்த அண்ணன். அதோடு சரி, இன்றுவரை அந்தப் பக்கத்திலிருந்து ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

செங்கமலம் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் கிடந்த துண்டுகளைத் தாண்டும்போது நின்றாள். "அண்ணே, அவுரும் அங்க கான்ட்ராக்ட்லதான இருக்காரு" என்றாள். உங்களைத்தான் சொன்னாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் அது என் மண்டையில் ஏறியதே இல்லை. மஸ்கட் என்றால் மஸ்கட் என்று நினைத்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்று நீங்கள் எத்தனை தடவை கவலையோடு சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்டுவிட்டு, இங்கே ஒரு டார்ச் லைட்டைத் தட்டி, கான்ட்ராக்ட் என்று சிரித்திருக்கிறேன். நீங்களும் லீவில் வந்தபோது கூடவே உட்கார்ந்து சிரித்தீர்களே, அது எப்படி முடிந்தது உங்களால்?

நான் மட்டும் என்ன? பதினோரு வருஷம் அதே கான்ட்ராக்ட்டில் அதே பெல்ட்டுக்குக் கீழே மண் வாரினவன். பர்மனென்ட் ஆட்கள் போட்டிருந்த அதே மாதிரி பூட்ஸ்தான், என்னுடையதில் மட்டும் அடி கழன்றிருக்கும். அப்போது யாராவது இந்தச் சொல்லை ஒரு மாதிரி சொன்னால், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வருவேன், ஏறி மிதிக்க மனசு வராது. பர்மனென்ட் ஆன அன்றைக்கு அந்தச் சொல்லை நான் கீழே போட்டிருக்க வேண்டும். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் மேல் வீசப் பழகிவிட்டேன்.

மறுநாள் பண்ருட்டிக்குப் போனேன். அந்தக் கடைக்காரனை நடுங்க வைத்தேன். நான் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூடிவிட்டது. கடைக்காரன் காலில் விழாத குறை.

இதையும் கோடு போட்டு அடிக்கச் சொல்கிறாள் மலர்கொடி. அவளும்தான் கூட வந்தாளே.

கடை வாசலில் சோபா மாடல் நாற்காலிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தான். அத்தனைக்கும் நடுவில் கல்லாவில் அவன் உட்கார்ந்திருந்தது எதில் தெரியுமா? நம் ஒயர் நாற்காலியில். அவன் முதுகுக்குப் பின்னால் மலர்கொடியின் கிளி. மற்ற மூன்றும் பழைய இரும்போடு போய்விட்டதாம். இதை ஏன் வைத்துக்கொண்டாய் என்றேன். நாள் முழுக்க உக்காரணுமில்லிங்க, இடுப்பு தாங்கறதுக்கு இதான் சரி என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பிளாஸ்டிக்கில் அந்த அம்மா விழுந்ததைச் சொன்னேன். சாயாம உக்காரணுங்க, சாஞ்சா வாரண்டி கிடையாது என்றான். நாற்காலியில் சாயக்கூடாதாம். நான் சத்தம் போடவில்லை, மாப்பிள்ளை. கெஞ்சினேன். மீதி ஐந்து நாற்காலி, மிக்சி, இன்னும் கொஞ்சம் கையிலிருந்தும் கொடுத்து அந்த ஒற்றை நாற்காலியை மீட்டோம். பஸ்ஸில் மலர்கொடி அதைப் பிடித்துக்கொண்டு வந்தது பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

இப்போது அது ஹாலில் ஃபேனுக்கு அடியில் இருக்கிறது. யாரும் உட்காருவதில்லை. நேற்று பிரியா வந்தாள். உட்காரம்மா என்றேன். பரவால்ல மாமா, தரை நல்லாதான் இருக்கு என்று சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மா உட்காரப் போன அதே இடம். நம் பெண் என்னிடம் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. மாமா சாப்டீங்களா என்றுகூடக் கேட்டாள். போனை மட்டும் கவிழ்த்து வைத்து, நிமிர்த்திப் பார்த்து, மறுபடி கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பையனை மைன்ஸில் பார்த்தேன். எதிரே வந்தான். எப்போதும்போல வணக்கம் வைத்தான். நான் டிபன் பாக்ஸைத் திறந்து அதற்குள் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

இந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா வீட்டில் வைத்து, இதில் தைரியமாக உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று போன சனிக்கிழமை கிளம்பினேன். கம்மாபுரம் பஸ் வந்தது. கண்டக்டர் ஏறுங்க பெரியவரே என்று இடம்கூட ஒதுக்கினார். பஸ்ஸை விட்டுவிட்டேன். போனால் பேச வேண்டும். என் வாயை நம்பி நான் எங்கேயும் போக இப்போது பயமாக இருக்கிறது.

அதனால் மாப்பிள்ளை, ஒரு உதவி. அந்த அம்மாவுக்கு நீங்கள் முதலில் ஒரு போன் போடுங்கள். நம்பர் இளவழகனிடம் கொடுத்திருக்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்டால், கான்ட்ராக்ட் என்றே சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் அந்தச் சொல் கழுவினது மாதிரி ஆகிவிடும். நீங்கள் பேசினபிறகு நானும் மலர்கொடியும் நாற்காலியோடு போகிறோம். பேசுவதெல்லாம் அவள் பேசட்டும். நான் தூக்கிக்கொண்டு மட்டும் போகிறேன். இது நல்ல கனம், ஒற்றைக் கையால் ஆகாது.

உங்கள் கான்ட்ராக்ட் இந்த வருஷம் புதுப்பித்தாயிற்றா என்று நான் இதுவரை ஒருதரம்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நல்ல செய்தி வரட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். நீங்கள் வந்து நின்று, உங்கள் கையால் நம் பிரியாவைப் பிடித்துக் கொடுக்கிற நாளைக் கடவுள் தள்ளிப்போடாமல் கொடுக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் குறித்து, பத்திரிகை அடிக்கும்போது, தாய்மாமன் என்று என்னைப் போட மனசிருந்தால் போடுங்கள். பேர் மட்டும் போதும். பக்கத்தில் அடைப்புக்குறி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
பழனிசாமி